எழுத்துநிலை மண்டபமும் எழுத்தறியாக் கண்களும்

ஓவியம் காண்பதற்கெனப் பலர் ஒன்றுகூடிச் செல்லுதல் இற்றை நாளில் தோன்றிய நாகரிகம் என்று கருதுவார் உளர். அது பிழை. தமிழ் இலக்கியத்தில் அத்தகைய கூட்டம் ஒன்று ஏறத்தாழ ஆயிரத்து ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன்னரே வருகின்றது. பரிபாடலின் பத்தொன்பதாம் பாடலில், மதுரையிலிருந்து திருப்பரங்குன்றத்திற்குப் புறப்பட்ட மக்கள், முருகனை வணங்கியதோடு அமையாது, அங்கிருந்த ஓவியங்களையும் கண்டு மகிழ்ந்த செய்தியை நப்பண்ணனார் பாடியிருக்கின்றார்.

ஒக்கலிபுரத்தில் திங்கள்தோறும் கூடிச் சங்க நூல்களைப் பயிலும் நம் சிறு குழுவில் இப்பாடல் படிக்கப்பெற்ற நாளிலேதான், "நாமும் ஒருநாள் ஓவியம் காணச் சென்றால் என்ன?" என்னும் வினா எழுந்தது. அவ்வினாவின் விளைவாக, அடுத்து வந்த ஞாயிற்றுக்கிழமை, பதினேழு பேர் நகரப் பேருந்தில் ஏறி அரண்மனைச் சாலையிலுள்ள தேசிய நவீனக் கலைக்கூடத்திற்குச் சென்றோம். புலவர் ஒருவர், ஓய்வுபெற்ற ஆலைத் தொழிலாளர் இருவர், பள்ளி ஆசிரியை ஒருவர், இல்லத்தரசியர் சிலர், எழுபத்தைந்து வயதைக் கடந்த ஆயா ஒருவர், அவருடைய பேரனாகிய எட்டாம் வகுப்பு மாணவன் முதலியோர் அக்கூட்டத்தில் இருந்தனர். அன்று கண்டவற்றுள் ஓர் ஓவியத்தைப் பற்றி மட்டுமே ஈண்டு ஆராய முற்படுகின்றோம். அவ்வோர் ஓவியமே பதினேழு பேரையும் அரைமணி நேரம் நிறுத்திவைத்தது.

கேட்டவரும் சொன்னவரும்

முதற்கண் பரங்குன்றத்துக் கூட்டத்தை நினைவிற் கொள்வோம். அங்கே ஞாயிறு முதலிய கோள்களின் நிலையை விளக்கும் ஓவியத்தைச் சிலர் கண்டு தேர்ந்தனர். வேறு சிலர் இரதியையும் காமனையும் கண்டு இவர் யாவர் என வினவ, அறிந்தோர் விடை கூறினர். பூனை வடிவு கொண்ட இந்திரன், அகலிகை, சினம் மிக்க கௌதமன், கல்லாகிய அவள் நிலை என ஒவ்வொன்றாகச் சுட்டிக் காட்டப்பெற்றன. வினவுவார் ஒருபுறம், விடுப்பார் ஒருபுறம். இருவரையும் இணைத்தது கதை. கதையை அறிந்தவர்க்கு ஓவியம் விளங்கியது. அறியாதவர்க்கு ஓவியமே கதையைக் கற்பித்தது.

இவ்வாறு பல காட்சிகள் தீட்டப்பெற்ற அவ்விடத்தைப் பாடல் எழுத்துநிலை மண்டபம் எனக் குறிக்கின்றது. இப்பெயரை நாம் நின்று நோக்குதல் வேண்டும். அக்காலத் தமிழில் ஓவியமும் எழுத்தே. மொழியின் வரிவடிவமும் எழுத்தே. தொய்யில் எழுதினர், கண்ணுக்கு மை எழுதினர், ஓலையிலும் எழுதினர். இம்மூன்றிற்கும் வினைச்சொல் ஒன்றே. ஓவியரைக் கண்ணுள் வினைஞர் என மதுரைக்காஞ்சி குறிக்க, காண்பார் கண்ணிலே தம் தொழிலை நிறுத்துவோர் என்னும் பொருள்பட நச்சினார்க்கினியர் உரை வகுத்தார். வண்ணம் தீட்டாத வெறுங்கோட்டு ஓவியத்தை உவமையாக எடுத்தாளும் நுட்பமும் நெடுநல்வாடையில் உண்டு. ஆகவே கோட்டின் அழகைத் தனியே காணத் தெரியாத மரபு அன்று நம்முடையது. இடைக்காலத்தே எழுத்து வேறு, ஓவியம் வேறு எனப் பிரிந்தன. பிரிந்தபின் முன்னதைப் படிக்கவும் பின்னதைப் பார்க்கவும் மட்டுமே பழகிக்கொண்டோம்.

கேள்வி நின்ற இடம்

பெங்களூரின் கலைக்கூடம் 2009ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 18ஆம் நாள் திறக்கப்பெற்றது. 1954இல் தில்லியிலும் 1996இல் மும்பையிலும் தோன்றியவற்றிற்கு அடுத்து மூன்றாவதாக அமைந்தது இது. மாங்கனீசு, குரோமியச் சுரங்கத் தொழிலில் பெரும்பொருள் ஈட்டிய இராசா மாணிக்கவேலு என்பாரின் மாளிகையே கூடமாக மாற்றப்பெற்றுள்ளது. பழைய மரங்களின் நிழலில் நிற்கும் அம்மாளிகையினுள் நுழைந்தபோது, நம்மவர் சிலர் செருப்பைக் கழற்றலாமா என்று தயங்கினர். தயக்கம் நகைப்பிற்குரியதன்று, பரங்குன்றத்தில் கோயிலும் ஓவியக் கூடமும் ஒன்றாகவே இருந்தன அல்லவா?

தொடக்கத்தில் யாவும் எளிதாகவே நடந்தன. புராணக் காட்சிகளைக் கண்டபோது இல்லத்தரசியரே விளக்கம் கூறினர். வங்கத்து யாமினி ராயின் பெருங்கண் மாதரைக் கண்டு, "நம் ஊர்ச் சுடுமண் பொம்மை போல் இருக்கின்றதே" என்றார் ஆலைத் தொழிலாளர் ஒருவர். திறனாய்வாளர் பக்கம் பக்கமாக எழுதுவதை அவர் ஒரு தொடரில் கூறிவிட்டார் எனலாம். மேனாட்டுப் பாணியில் பயின்ற யாமினி ராய், அதனைத் துறந்து நாட்டுப்புறக் கலையை நாடிச் சென்றவர் என்பது வரலாறு.

அறைகளைக் கடக்கக் கடக்க வடிவங்கள் கரையத் தொடங்கின. "இது யார்?" என்னும் வினா "இது என்ன?" என மாறியது, பின்னர் அதுவும் அடங்கியது. விடை கூறுவார் இல்லாமையின் வினவுவாரும் வாய் மூடினர். இந்நிலையிலேதான் கே. சி. எஸ். பணிக்கர் தீட்டிய 'சொற்களும் குறியீடுகளும்' என்னும் வரிசையைச் சேர்ந்த ஓவியம் ஒன்றின் முன் வந்து நின்றோம்.

பணிக்கர் 1911இல் கோயமுத்தூரில் மலையாளக் குடும்பத்தில் பிறந்தவர். தந்தித் துறையில் பணியாற்றிப் பின்னர் சென்னை ஓவியப் பள்ளியில் தேவி பிரசாத் ராய் சௌத்ரியிடம் பயின்றவர். 1957 முதல் பத்தாண்டுகள் அப்பள்ளியின் தலைமைப் பொறுப்பை ஏற்றவர். 1966இல் தம் மாணவருடன் ஈஞ்சம்பாக்கத்தில் சோழமண்டலம் கலைஞர் சிற்றூரை நிறுவியவர். 1977இல் மறைந்தார். 1963இல் தொடங்கிய இவ்வரிசைக்கு வித்திட்டவற்றுள் ஒன்று, மாணவன் ஒருவனுடைய கணக்கு ஏட்டின் பக்கம் என்பதை அவரே குறித்துள்ளார். எண்களும் எழுத்துகளும் வடிவியல் கோடுகளும் ஒருங்கே நிரம்பிய அப்பக்கம், பொருளால் அன்றித் தோற்றத்தால் அவரை ஈர்த்தது.

நாம் கண்ட ஓவியம் மஞ்சளும் பழுப்பும் விரவிய பரப்பு. அதன்மேல் வரிவரியாக எழுத்துப் போன்ற வடிவங்கள். ஆனால் எந்த மொழியின் எழுத்தும் அல்ல. இடையிடையே சாதகக் கட்டம் போன்ற சதுரங்கள், மீன் போன்ற உருவம், புள்ளிகள், முக்கோணங்கள். தொலைவிலிருந்து நோக்கினால் பழைய ஓலைச்சுவடி. அணுகி நோக்கினால் படிக்கவொண்ணாக் கிறுக்கல்.

மூன்று தீர்ப்புகள்

நம் கூட்டத்தில் மூன்று தீர்ப்புகள் பிறந்தன.

முதல் தீர்ப்பு புலவருடையது. "எழுத்து பொருள் உணர்த்துதற்கு உரியது. தொல்காப்பியமே எழுத்ததிகாரத்தில்தான் தொடங்குகின்றது. பொருளற்ற எழுத்தைக் கலை என்பது எழுத்தையே பழிப்பதாகும்" என்றார் அவர். அவர் சினத்தில் நியாயம் உண்டு. ஏட்டின்மீது கால் பட்டால் கண்ணில் ஒற்றிக்கொள்ளும் மக்கள் நாம்.

இரண்டாம் தீர்ப்பு மாணவனுடையது. கன்னடமும் ஆங்கிலமும் இந்தியும் படிக்கத் தெரிந்த அவன், ஒவ்வொரு வரியாக முயன்றான். ஒரு வடிவத்தைக் கன்னட எழுத்தென்று கொண்டான், அடுத்தது பொருந்தவில்லை. மலையாளமோ என ஐயுற்றான். இறுதியாக, "ஒருவேளை தமிழாக இருக்குமோ?" என்று நம்மைக் கேட்டான். வீட்டில் தமிழ் பேசும் அவனுக்குத் தமிழ் எழுத்துத் தெரியாது என்பதை அப்போதுதான் பலர் அறிந்தோம்.

மூன்றாம் தீர்ப்பு ஆயாவினுடையது. நெடுநேரம் நோக்கியிருந்தவர் பேரனிடம் கூறினார்: "எனக்கு எந்த எழுத்தும் இப்பிடித்தான் சாமி தெரியும். பஸ் போர்டும் இப்பிடித்தான், ரேஷன் கார்டும் இப்பிடித்தான்." சற்றுப் பொறுத்து மேலும் கூறினார்: "இது அழகாத்தான் இருக்குது. ஆனா பத்திரத்துல இருக்கிற எழுத்து இப்பிடி அழகா இருக்காது. அதப் பாத்தா வயித்தக் கலக்கும்."

கைநாட்டு வைத்து ஒரு துண்டு நிலத்தை இழந்த குடும்பம் அவருடையது என்பதை அவர் தெருவினர் அறிவர்.

ஓவியத்தின் வலிமையும் குறையும்

இம்மூன்று தீர்ப்புகளையும் ஒருங்கே வைத்து எண்ணும்போது ஓவியத்தின் வலிமை புலனாகின்றது. கற்றவன் ஒருவன் கல்லாதவனின் கண்ணைப் பெறுதல் அரிது. எழுத்தறிந்தவன் தன் மொழியின் எழுத்தைக் கண்டவுடன் படித்துவிடுகின்றான்; படியாதிருக்க அவனால் இயலாது. படித்த கணமே வடிவம் மறைந்து பொருள் எஞ்சுகின்றது. பணிக்கரின் ஓவியம் அவ்வழியை அடைத்துவிடுகின்றது. படிக்கத் தொடங்கும் கண் தடுமாறி, வேறு வழியின்றி வளைவையும் நிமிர்வையும் இடைவெளியையும் நோக்கத் தலைப்படுகின்றது. புலவரும் ஆசிரியையும் மாணவனும் நாமும் அவ்வரைமணி நேரம் எழுத்தறியாதவராக ஆக்கப்பெற்றோம். ஆயா ஒருவரே அங்கே தடுமாறாது நின்றார். அவருக்கு அது பழகிய நிலை. எழுத்து பழிக்கப்பெற்றது என்னும் புலவர் கூற்று இங்கே நிற்கவில்லை. பிரிந்துபோன இரண்டு எழுத்தும் மீண்டும் ஒரு பரப்பில் கூடின என்பதே பொருந்தும். பரங்குன்றத்து மண்டபத்தின் பெயர் இவ்வோவியத்திற்கும் உரியது.

ஆயினும் ஆயாவின் இரண்டாம் கூற்றே நம்மை நெடிது வருத்தியது. திறனாய்வு என்னும் நிலையிலும் அதுவே கூர்மையானது. படிக்கவொண்ணா எழுத்து நம் நாட்டு மக்களிடையே இருவகையாக வாழ்ந்துள்ளது. ஒன்று மந்திரத் தகடு. அதன் எழுத்து விளங்காது; விளங்காமையாலேயே அது காக்கும் என்னும் நம்பிக்கை. மற்றொன்று கடன் பத்திரம். அதன் எழுத்தும் விளங்காது. விளங்காமையாலேயே அது அழிக்கும் என்னும் அச்சம். பணிக்கர் தகட்டின் வியப்பை ஓவியத்தினுள் கொணர்ந்தார். பத்திரத்தின் அச்சத்தைக் கொணரவில்லை. சாதகக் கட்டமும் மீனும் இருக்கின்றன. கைநாட்டின் மைத்தடம் இல்லை. அவருக்குப் படியாமை தாமே தேர்ந்துகொண்ட விளையாட்டு. ஆயாவிற்கோ பிறரால் சுமத்தப்பெற்ற விலங்கு. முன்னதன் அழகை ஏற்கும் நாம் பின்னதை மறத்தல் ஆகாது.

ஓவியன் பத்திரத்தையும் வரைந்தே ஆகவேண்டும் என்று கட்டளையிடுதல் திறனாய்வின் பணியன்று. ஆயினும் ஒரு படைப்பு எதைத் தொட்டது, எதைத் தொடாது விட்டது என அளந்து கூறுதல் அதன் பணியேயாம். ஏறத்தாழப் பதினான்கு ஆண்டுகள் ஒரே வரிசையைத் தொடர்ந்த ஓவியர்க்கு, அவ்வழகே பழகிய அணியாகிவிடும் இடரும் உண்டு. வியப்பு மட்டும் திரும்பத் திரும்ப வரும்போது அது கோலத்தின் தன்மையை எய்துகின்றது. கோலம் இனியது, ஆனால் வாசலைத் தாண்டி உள்ளே வருவதில்லை.

விளங்காமை பற்றிய இவ்வழக்கு ஓவியத்திற்கு மட்டும் உரியதன்று. பணிக்கர் இவ்வரிசையைத் தொடங்கிய அதே காலத்தில், அதே சென்னையில், சி. சு. செல்லப்பாவின் 'எழுத்து' இதழ் புதுக்கவிதைக்காக வழக்காடிக்கொண்டிருந்தது. 1959இல் தோன்றிய அவ்விதழும், 1962இல் வெளிவந்த 'புதுக்குரல்கள்' தொகுப்பும் எதிர்கொண்ட குற்றச்சாட்டு இதுவே: விளங்கவில்லை. யாப்பை இழந்த கவிதை கவிதையா என்று கேட்டோம். உருவை இழந்த ஓவியம் ஓவியமா என்றும் கேட்டோம். கவிதை வழக்கில் தமிழ் வாசகர் மெல்லமெல்லப் பயிற்சி பெற்றனர். ஓவிய வழக்கிலோ அத்தகைய பயிற்சி குறைவு. கே. எம். ஆதிமூலம் போன்றோர் சிற்றிதழ்களுக்கும் நூல்களுக்கும் வரைந்த கோட்டோவியங்களே பலருக்கும் நவீன ஓவியத்தின் முதல் அறிமுகமாயின. கி. ராஜநாராயணனின் 'கரிசல் காட்டுக் கடுதாசி' இதழில் வந்த நாளில், ஆதிமூலத்தின் கோடுகளையும் எதிர்நோக்கிக் காத்திருந்தவர் பலர். சொல்லோடு சேர்ந்து வந்தமையால் அக்கோடுகளை நாம் ஏற்றுக்கொண்டோம். சொல்லின் துணையின்றிக் கூடத்துச் சுவரில் தனித்து நிற்கும் ஓவியத்தை நோக்க இன்னும் பழகவில்லை.

இனி, இத்தகைய ஓவியத்தின் முன் நாம் கேட்கத்தக்க வினா யாது? பரங்குன்றத்து வினா, இது யார் என்பது. அதற்கு விடை கதையில் இருந்தது. இங்கே கேட்கவேண்டுவது, இது நம் கண்ணை என்ன செய்கின்றது என்பதாகும். அதற்கு விடை காண்பவரிடத்தில் இருக்கின்றது. ஆகையால்தான் கூட்டமாகச் செல்லுதல் நன்று. தனியே சென்றிருப்பின் நாம் புலவரின் தீர்ப்போடு திரும்பியிருப்போம். ஆயாவின் கண் நமக்குக் கிட்டியிராது.

நம் வீட்டுச் சுவரில்

மாணவனின் வினாவிற்கு வருவோம். "ஒருவேளை தமிழாக இருக்குமோ?" என்று அவன் கேட்டபோது சிலர் நகைத்தனர். எண்ணிப் பார்த்தால் அது நகைப்பிற்கு உரியதாகத் தோன்றவில்லை.

கலைக்கூடம் திறந்த அதே 2009ஆம் ஆண்டில் ஆகஸ்டுத் திங்கள் 9ஆம் நாள், அல்சூர் ஏரிக்கரையில் திருவள்ளுவர் சிலை திறக்கப்பெற்றது. 1991 முதல் பதினெட்டு ஆண்டுகள் மூடிக்கிடந்த சிலை அது. நான்கு நாள் கழித்துச் சென்னையில் கன்னடக் கவி சர்வக்ஞரின் சிலையும் திறக்கப்பெற்றது. அந்நாளின் மகிழ்ச்சியை நம்மில் பலர் இன்னும் பேசுகின்றோம். சிலையின் அடியில் நின்று படம் பிடித்துக்கொள்ளாத குடும்பம் நம் தெருவில் அரிது. ஆனால் அச்சிலையின் கையிலுள்ள சுவடி எழுத்தின் அடையாளம். அவ்வெழுத்தைப் படிக்கத் தெரியாத நம் பிள்ளைக்குக் குறளும் 'சொற்களும் குறியீடுகளும்' வரிசையைச் சேர்ந்ததாகத்தானே தோன்றும்? அழகிய வளைவுகள், பாட்டன் மதித்த குறிகள், பொருள் அறியாத போற்றுதல். பத்திரத்தின் அச்சம் நீங்கித் தகட்டின் வணக்கம் மட்டும் எஞ்சுமாயின், அதனை மொழிப்பற்று என்று எவ்வாறு கூறுவது?

இதற்குக் கன்னடத்தைக் குறை கூறுதல் முறையன்று. இந்நகரில் வாழும் பிள்ளை கன்னடம் கற்றல் கடமையும் பெருமையுமாகும். நம்முள் முதியோர் பலர் அதனைக் கல்லாது, ஐம்பது ஆண்டுகளாகக் கடைப்பலகைகளை ஓவியமாகவே நோக்கி வாழ்ந்துள்ளோம் என்பதும் வெட்கத்தோடு ஒப்பவேண்டிய உண்மை. குறை நம் வீடுகளில் இருக்கின்றது. மூன்று மொழிகளின் எழுத்தைப் பயில இடம்கொண்ட பிள்ளையின் நெஞ்சில் நான்காவதற்கு இடம் இல்லை என்று முடிவு செய்தவர் நாமே.

திரும்பும் வேளையில் பேருந்து நிறுத்தத்தில் ஒரு காட்சி கண்டோம். வந்த பேருந்தின் பலகையைப் பேரன் கன்னடத்தில் படித்துச் சொல்ல, ஆயா ஏறினார். அவர் பேச்சுத் தமிழில் பேசிய கதைகளை அவன் வழிநெடுகக் கேட்டுக்கொண்டு வந்தான். கண் அவனுடையது, சொல் அவருடையது. இருவரிடமும் தமிழ் எழுத்து இல்லை. இவ்விரு தலைமுறைக்கும் நடுவில் நிற்கும் நாம் அவ்வெழுத்தை அறிந்தவர்கள். ஆண்டுதோறும் மலர் வெளியிட்டு அதில் கட்டுரையும் எழுதுகின்றவர்கள். இக்கட்டுரையை அவ்விருவராலும் படிக்க இயலாது என்பதை எழுதும்போதே உணர்கின்றோம்.

அடுத்த திங்கள் கூட்டத்தில் நம் குழு இரண்டு முடிவுகளை மேற்கொண்டது. ஒன்று, ஆண்டிற்கு இருமுறையேனும் ஓவியம் காணச் செல்லுதல். பலவற்றைக் கண்டு களைப்புறாது, ஓரிரு ஓவியங்களின் முன் அமர்ந்து ஒவ்வொருவரும் தாம் கண்டதைக் கூறுதல். மற்றொன்று, ஞாயிறுதோறும் ஒரு மணி நேரம் எழுத்துப் பயிற்சி. முதல் வகுப்பிற்கு ஒன்பது பிள்ளைகள் வந்தனர். பேரனுக்குத் துணையாக வந்த ஆயாவும் ஓரமாக அமர்ந்தார். அகரத்தைக் கரும்பலகையில் எழுதியபோது, "இதுதான் அனாவா? வளைஞ்சு நல்லாத்தான் இருக்குது" என்றார்.

வடிவத்தை முதலில் கண்டார். ஒலியைப் பின்னர் கற்றார். கற்றபின்னும் அவ்வடிவத்தின் அழகு அவர் கண்ணில் நிற்குமாக. எழுத்தின் இரு பொருளும் ஒருவர் கண்ணிலேனும் மீண்டும் ஒன்றாகுமாயின், பரங்குன்றத்து மண்டபம் ஒக்கலிபுரத்திலும் எழுந்ததாகக் கொள்வோம்.